மணிமேகலை எங்கே போனாள்?

'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்று வெளியானது. அந்த வார இறுதியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கடம்பூர் மாளிகைக் காட்சிகள் ஆரம்பித்ததும் அம்மா என் பக்கம் சாய்ந்து, "மணிமேகலை இன்னும் வரலையே?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் செத்து விழுந்த பிறகு கேட்கவில்லை. இனி அவள் வந்தாலும் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

படத்துக்கு மூலமான கல்கியின் நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மணிமேகலை கடம்பூர் சம்புவரையரின் மகள், கந்தமாறனின் தங்கை. தன் நண்பன் வந்தியத்தேவனைப் பற்றிப் பேசிப் பேசியே தங்கையின் மனதில் அவனை ஏற்றிவைத்தவன் கந்தமாறன்தான். பிறகு அவனே மனம் மாறி, அவளை அரச குடும்பத்தில் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறான். அவள் மனம் மாறவில்லை. கரிகாலனைக் கொன்ற பழி வந்தியத்தேவன் மேல் விழும்போது, கொன்றது நான்தான் என்று முன்வந்து சொல்கிறாள். சித்தம் கலங்கிப்போய், கடைசியில் அவன் மடியிலேயே உயிரை விடுகிறாள். ஐந்து பாகம், 293 அத்தியாயம் ஓடிய கதையின் கடைசி அத்தியாயத்துக்குக் கல்கி வைத்த தலைப்பு 'மலர் உதிர்ந்தது'. அந்த மலர் இவள்தான். மகுடம் யாருக்கு என்ற வழக்கெல்லாம் தீர்ந்த பிறகு, அவ்வளவு பெரிய கதையை ஒரு குறுநில மன்னன் வீட்டுப் பெண்ணின் சாவில் கொண்டுவந்து நிறுத்தினார் கல்கி. படத்தில் அவள் இல்லவே இல்லை.

அவளை விட்டுவிட்டதைக்கூட நான் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். ஒரு நூலைத் துணிந்து முழுசாக உருவி எடுத்துவிட்டார்கள், அது ஒரு முடிவு. என்னை உறுத்துவது வேறு. படத்தில் இருந்தும் இல்லாமல் போனவர்கள்தான். பூத்தொடுக்கும் சேந்தன் அமுதன், படகோட்டும் பூங்குழலி, இளவரசி குந்தவையின் தோழி வானதி, சிங்காதனம் கேட்கும் மதுராந்தகனின் தாய் செம்பியன் மாதேவி, சுந்தர சோழரின் அரசி வானவன் மாதேவி. இவர்கள் எல்லோரும் திரையில் வருகிறார்கள், உடை அணிந்திருக்கிறார்கள், வசனம் பேசுகிறார்கள். படம் முடிந்து வெளியே வந்ததும் இவர்களுக்கு என்ன வேண்டியிருந்தது என்று கேட்டால், நாவல் படிக்காதவர்களால் பதில் சொல்ல முடியாது. சரித்திரப் படங்களில் துணைப்பாத்திரங்கள் ஏன் இப்படி வற்றிப்போகின்றன என்பதற்கு இந்தப் படத்தைவிடத் தெளிவான பாடம் நமக்குக் கிடைக்காது. மூலக்கதை எல்லோர் கையிலும் இருக்கிறது, எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் எல்லோரும் சொல்லும் காரணம், நேரம் போதாது என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பொய்யில்லை. இரண்டு பாகமும் சேர்த்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். அதை 293 அத்தியாயத்துக்குப் பங்கிட்டால் ஓர் அத்தியாயத்துக்கு ஒரு நிமிடமும் சில நொடிகளும்தான் வரும். அந்த ஒரு நிமிடத்தில் வந்தியத்தேவன் குதிரை ஏறி இறங்குவதற்கே நேரம் போய்விடும்.

ஆனால் கல்கியிடம் ஏன் அத்தனை பாத்திரங்கள் உயிரோடு இருந்தன என்பதைக் கவனித்தால் வேறு ஒன்று தெரிகிறது. அது 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை ஆண்டு வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. தொடர்கதைக்கு என்று ஒரு பிழைப்பு இருக்கிறது. நாயகனை ஆபத்தில் தொங்கவிட்டால் அடுத்த வாரம் அவனை உடனே இறக்கிவிடக் கூடாது. வாசகர் தவிக்க வேண்டும். அந்த இடைவெளியில் கதையைக் கோடிக்கரைக்கோ நாகப்பட்டினத்துக்கோ கொண்டுபோக வேண்டும். போன இடத்தில் இருக்கும் ஆள் அந்த வாரத்துக்கு அவரே நாயகர். அவருக்கு ஒரு வருத்தம், ஒரு பாட்டு, ஒரு பிடிவாதம் இல்லாவிட்டால் வாசகர் அந்த வாரத்தை மன்னிக்க மாட்டார். படகோட்டுகிற பெண்ணும் பூத்தொடுக்கிற பையனும் கல்கிக்குத் தேவைப்பட்டது இப்படித்தான். ஓவியர் மணியம் அவர்களுக்கு முகமும் கொடுத்தார். தொடர் முடிந்ததும் இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டுத் துளைக்க, அதற்கென்றே கல்கி ஒரு முடிவுரை எழுத வேண்டியிருந்தது. நாயகர்களைப் பற்றி மட்டுமல்ல, எல்லோரைப் பற்றியும் கேட்டார்கள்.

சினிமாவுக்கு அடுத்த வாரம் கிடையாது. காட்சியை எங்கே வெட்டினாலும் அடுத்த நொடியே மறுகாட்சி வந்துவிடும். ஆகவே இடைவெளியை நிரப்ப ஆள் வேண்டியதில்லை. துணைப்பாத்திரம் தன் பழைய வேலையை இழக்கிறது. அதற்குப் புதிதாக ஒரு வேலையைச் சினிமா கொடுக்கிறது: சேதி சொல்வது. "இளவரசே, பழுவேட்டரையர் புறப்பட்டுவிட்டார்", "தேவி, ஈழத்திலிருந்து ஓலை வந்திருக்கிறது". சரித்திரப் படங்களில் பாதிப் பேர் ஓலைக்காரர்களாக மாறிவிடுவது இதனால்தான். ஓலையை நீட்டியதும் அவர்கள் வேலை முடிந்தது.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. ஒரு பாத்திரம் மனதில் நிற்க உண்மையிலேயே நிறைய நேரம் வேண்டுமா? அகிரா குரோசாவாவின் 'செவன் சாமுராய்' 1954 ஏப்ரலில் வெளியானது. பொன்னியின் செல்வன் தொடர் முடிவதற்குச் சில வாரம் முன்பு. அதில் ரிகிச்சி என்று ஒரு விவசாயி. சாமுராய்களில் ஒருவர் விளையாட்டாக, கல்யாணம் பண்ணிக்கொள்ளேன் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். அவன் முகம் கறுத்து எழுந்து போய்விடுகிறான். ஏன் என்று யாருக்கும் தெரியாது. வெகுநேரம் கழித்துக் கொள்ளையர் கூடாரத்துக்குத் தீ வைக்கப் போகிறார்கள். உள்ளே ஒரு பெண் தூக்கம் கலைந்து எழுகிறாள். நல்ல உடை, வெறித்த கண். புகை வருவதைப் பார்க்கிறாள். கத்தவில்லை, மற்றவர்களை எழுப்பவும் இல்லை. பிறகு வெளியே வரும்போது எதிரே ரிகிச்சி நிற்கிறான். அவனைக் கண்டதும் திரும்பி எரியும் வீட்டுக்குள்ளேயே ஓடிவிடுகிறாள். அவள் அவன் மனைவி. படம் மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதில் அவளுக்குச் சில நிமிடம்கூட இல்லை, வசனம் ஒரு வரி கிடையாது. நான் அந்தப் படத்தைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது. சண்டைக் காட்சிகளின் வரிசை மறந்துவிட்டது, அவள் திரும்பி ஓடியது மறக்கவில்லை.

அவளுக்கு இருந்தது நேரமில்லை. புருஷன் முகத்தில் விழிக்கக் கூடாது என்கிற ஒரே ஒரு ஆசை. அந்த ஆசையால் சாமுராய்களுக்கு ஒரு லாபமும் இல்லை. சொல்லப்போனால் நஷ்டம், அவளைக் காப்பாற்றப் பாய்கிற ரிகிச்சியைப் பிடித்திழுக்கப் போய் அவர்களில் ஒருவர் குண்டடிபட்டுச் சாகிறார். துணைப்பாத்திரம் என்பது நாயகனுக்கு உதவாத ஓர் ஆசை வைத்திருக்கும் ஆள். அது இருந்தால் அரை நிமிடம் போதும். இல்லையென்றால் அரை மணி நேரம் கொடுத்தாலும் ஓலைதான் நீட்டுவார்.

நம் ஊரிலும் இது புதிதில்லை. 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' முழுக்க முழுக்க சிவாஜியின் படம். ஆனாலும் தளபதி வெள்ளையத்தேவன் போருக்குக் கிளம்பும்போது, கெட்ட கனவு கண்ட மனைவி வெள்ளையம்மாள் வாசலை மறித்துக்கொண்டு போகாதே என்று பாடுவதற்கு அங்கே இடம் இருந்தது. கட்டபொம்மனுக்குத் தளபதி தேவை. நாட்டுக்குத் தளபதி தேவை. அவளுக்குப் புருஷன் வேண்டும். கதைக்கு எதிர்த்திசையில் ஒருத்தி இழுக்கிறாள், அதனாலேயே கதை கனக்கிறது. பாட்டு ஒன்றுதான், அதுவே போதுமானதாக இருந்தது.

இதை வைத்துக்கொண்டு 'பொன்னியின் செல்வ'னுக்கு வருவோம். சரியாகக் கவனிக்க வேண்டிய இடம் செம்பியன் மாதேவி, மதுராந்தகன், சேந்தன் அமுதன் மூவரும் சேர்ந்த முடிச்சு.

நாவலில் செம்பியன் மாதேவிக்கு ஒரு ரகசியம் உண்டு. தனக்குப் பிறந்த குழந்தை இறந்துவிட்டதாக நினைத்து, ஊமை ராணி மந்தாகினி பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தவர் அவர். இறந்ததாக நினைத்த குழந்தை பிழைத்து, தஞ்சையில் பூமாலை தொடுத்துக் கோயிலுக்குக் கொடுக்கும் சேந்தன் அமுதனாக வளர்கிறது. மதுராந்தகன் சிங்காதனம் கேட்டு நிற்கும்போது பெற்றவளே குறுக்கே நிற்பது ஏன் என்று நாவல் பாதிவரை நம்மைக் குழம்ப விடுகிறது. அவன் தன் வயிற்றுப் பிள்ளை இல்லை, சோழ ரத்தம் இல்லாதவனை அரியணையில் ஏற்றும் பாவத்தைச் செய்ய மாட்டேன் என்பதுதான் காரணம். அவர் செய்யும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தப் பயம் இருக்கிறது.

படம் இந்த ஆள்மாறாட்டத்தை எடுத்துவிட்டது. மதுராந்தகன் உண்மையாகவே அவர் மகன், கடைசியில் முடிசூட்டிக்கொள்பவனும் அவனே. இது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். சரித்திரத்துக்கும் இதுதான் கிட்ட வருகிறது. கல்வெட்டுகள் செம்பியன் மாதேவியை, உத்தம சோழரை, அதாவது இந்த மதுராந்தகனைத் 'திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார்' என்றே பெருமையாகக் குறிப்பிடுகின்றன. அவரே பெற்ற மகன், அவர் காலத்திலேயே அரசனானவன். ரகசியம், மாற்றுக் குழந்தை எல்லாம் கல்கியின் கற்பனை.

ஆனால் ரகசியத்தை எடுத்தவர்கள் அது இருந்த இடத்தில் என்ன வைத்தார்கள்? ஒன்றும் வைக்கவில்லை. தாய் மகனை எதிர்க்கும் காட்சி படத்திலும் இருக்கிறது. செயல் அப்படியே இருக்கிறது, காரணம் மட்டும் போய்விட்டது. கணவர் கண்டராதித்தர் மகன் சிவபக்தனாக வாழ வேண்டும் என்று விரும்பினார் என்ற ஒரு வரி, அதைச் சுமக்கப் போதவில்லை. சொல்லப்போனால், கல்கியிடம் இருந்ததைவிடக் கடினமான நிலைமை படத்தின் கையில் இருந்தது. வேறொருத்தி பிள்ளைக்கு அரியணையை மறுப்பது ஒன்று. பெற்ற மகனுக்கே மறுப்பது இன்னொன்று. தன் கணவர் ஆண்ட நாடு, தன் மகனுக்குச் சேர வேண்டியது, கணவர் சொல்லைக் காப்பாற்ற அதைத் தானே தட்டிப் பறிக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தப் பெண் இரவில் எப்படித் தூங்குவார்? ஜெயசித்ரா அந்த வேடத்தில் நடித்திருந்தார். அவர் தனியாக அமர்ந்திருக்கும் ஒரு காட்சி, மகன் கோபித்துக்கொண்டு போன பிறகு அவர் முகம், அவ்வளவு கொடுத்திருந்தால் போதும்.

இத்தனைக்கும் இந்தப் பெண்மணிக்குச் சரித்திரத்தில் பஞ்சமே இல்லை. விதவையான பிறகு பல பத்து வருடம் வாழ்ந்தவர். செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, மாற்றிக் கட்டிக்கொண்டே இருந்தார். கும்பகோணம் பக்கத்துக் கோனேரிராஜபுரத்தில் கணவர் பெயரால் எழுப்பிய கோயிலில், கண்டராதித்தர் லிங்கத்தை வணங்குவது போல ஒரு சிற்பத்தைச் செதுக்க வைத்து, கீழே அதைச் சொல்லி எழுதவும் வைத்திருக்கிறார். அந்தச் சிற்பம் சின்னதுதான். செத்துப்போன கணவரைக் கல்லில் உட்கார வைத்துவிட்டு, மகன் ஆட்சியைப் பார்த்துக்கொண்டு, ராஜராஜன் காலத்திலும் உயிரோடிருந்த பெண். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இவரை மட்டும் வைத்து ஒரு படம் எடுக்கலாமே என்று தோன்றும்.

அப்புறம் சேந்தன் அமுதன். ஆள்மாறாட்டம் போனதும் இவன் கதையில் இருப்பதற்கான காரணமே போய்விட்டது. நாவலில் இவன் கடைசியில் அரசனாகிற ஆள், அதனால்தான் அத்தனை அடக்கமாக அறிமுகமாகிறான். படத்தில் இவன் படகில் இருக்கிறான், சிறையில் இருக்கிறான், நண்பனுக்கு உதவுகிறான். அவனை முழுசாக எடுத்திருக்கலாம், மணிமேகலையை எடுத்த மாதிரி. வைத்துக்கொள்வதென்றால் அவனுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசையைக் காப்பாற்றியிருக்க வேண்டும்: பூங்குழலி. அவளோ பின்னாளில் ராஜராஜனாகும் இளவரசர் அருள்மொழியை நினைத்துக்கொண்டு படகு தள்ளுகிறாள். அதே படகில் இவன் உட்கார்ந்திருக்கிறான். காய்ச்சலில் கிடக்கும் இளவரசரை இருவரும் சேர்ந்து நாகப்பட்டினம் புத்த விகாரத்துக்குக் கொண்டுபோகும் பயணம் நாவலில் வருகிறது. தனக்குப் பிடித்த பெண், அவளுக்குப் பிடித்த ஆளின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதை அவன் பார்த்துக்கொண்டே துடுப்புப் போட வேண்டும். இதற்கு வசனம் எதற்கு?

பூங்குழலியின் விஷயத்தில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். கல்கியின் பெண்களில் அவளைப் போல இன்னொருத்தி இல்லை. கோடிக்கரைச் சதுப்பு நிலத்தில் இரவில் கிளம்பும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்று வந்தியத்தேவனிடம் சொல்கிறாள். அலைகடல் ஓய்ந்திருக்கும்போது அகக்கடல் ஏன் பொங்குகிறது என்று பாடுகிறாள். அரண்மனைப் பெண்கள் மேல் அவளுக்குப் பொறாமை உண்டு, கோபம் உண்டு, சிங்காதனத்தில் உட்காரும் ஆசையும் உண்டு. அவள் வாய்த்துடுக்கு தாங்காமல்தான் வானதி, நான் சோழ சிங்காதனத்தில் ஒருநாளும் உட்கார மாட்டேன் என்று சபதமே செய்கிறாள். முடிவில் சிங்காதனம் கேட்டவள் பூக்காரனைக் கட்டிக்கொண்டு ராணியாகிறாள். வேண்டாம் என்றவள் இளவரசரைக் கட்டிக்கொள்கிறாள். இரண்டு துணைப்பாத்திரங்களை ஒன்றுக்கு எதிராக ஒன்றை வைத்து நெய்த அழகு இது.

படத்தில் ஐஸ்வர்யா லட்சுமி படகில் நிற்கும் முதல் காட்சியிலேயே பூங்குழலி வந்துவிட்டாள் என்று தோன்றியது. உடல்மொழி, பார்வை, அலட்சியம் எல்லாம் சரியாக இருந்தது. பாட்டும் இருந்தது. அப்புறம் அவள் செய்வதெல்லாம் ஆட்களை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோவதுதான். வானதியோ குந்தவையின் பக்கத்தில் நிற்கும் தோழி. நாவலில் ஈழத்துக்குப் புறப்படும் இளவரசருக்கு ஆலத்தி எடுக்கக் கையில் விளக்குத் தட்டோடு நின்றவள், அவர் முகத்தைப் பார்த்ததும் தட்டைப் போட்டுவிட்டு மயங்கி விழுந்த பெண். பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கியவள் சபதம் செய்யும் அளவுக்கு எப்படி வளர்ந்தாள் என்பதுதான் அவள் கதை. பூங்குழலியும் வானதியும் ஒருவரையொருவர் உரசாவிட்டால் இருவருமே மங்கிவிடுவார்கள், மங்கினார்கள்.

இதைச் செய்தவர்களுக்கு நாவல் தெரியாது என்று சொல்ல முடியாது. மணிரத்னத்தோடு திரைக்கதையில் உட்கார்ந்த இளங்கோ குமரவேல் 1999லேயே இதே நாவலை மேடை நாடகமாக்கியவர். வசனம் ஜெயமோகன். ஒவ்வொரு பாத்திரத்தின் பூர்வோத்தரமும் தெரிந்தவர்கள்தான். பிறகு ஏன் இப்படி ஆகிறது?

ஒரு காரணம் நட்சத்திரங்கள். விக்ரம், கார்த்தி, ஜெயம் ரவி, ஐஸ்வர்யா ராய், த்ரிஷா என்று ஐந்து பேருக்கும் நுழைவும் எழுச்சியும் முடிவும் வேண்டும். ஐந்து நாயகர் இருக்கும் பந்தியில் ஆறாவது இலை போட இடமிருக்காது. சரத்குமார், பார்த்திபன், பிரபு, பிரகாஷ்ராஜ் என்று தெரிந்த முகங்களைத் துணை வேடங்களில் போடுவது ஒரு குறுக்குவழி. முகத்தைப் பார்த்ததும் இவர் முக்கியமானவர் என்று நாமே நினைத்துக்கொள்வோம், திரைக்கதை சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடனைப் பிறகு காட்சியால் அடைக்காவிட்டால்தான் ஏமாற்றம். இன்னொரு காரணம் போர். நாவலின் முடிவில் போர் கிடையாது, படத்தில் ராஷ்டிரகூடர்களோடு பெரிய போர் உண்டு. பெரிய திரையில் சோழர் கதை சொன்னால் போர் இல்லாமல் முடியாது என்பது வியாபாரக் கணக்கு, எனக்கு அதில் கோபமில்லை. ஆனால் பூங்குழலிக்கும் வானதிக்கும் போக வேண்டிய நிமிடங்களைக் குதிரைகள் மிதித்துவிட்டுப் போயின.

இதே படத்தில் எதிர்ச்சாட்சியும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. இரண்டாம் பாகத்தின் தொடக்கம். சிறுவயது நந்தினியும் சிறுவயது கரிகாலனும். நாவலில் இந்தக் காதலைக் கரிகாலன் நண்பனிடம் வாயால் சொல்லித்தான் நாம் கேட்கிறோம். படம் அதை நேரில் காட்டியது. அதிகம் பேச்சில்லை. சாரா அர்ஜுன் முகத்தில் முதலில் கூச்சம், பிறகு துணிச்சல், பிறகு துரத்தப்பட்ட பெண்ணின் திகைப்பு. சில நிமிடம்தான். அதற்குப் பிறகு வளர்ந்த நந்தினியாக ஐஸ்வர்யா ராய் கத்தியைத் தொடும்போதெல்லாம் அந்தச் சிறுமியும் சேர்ந்து தொடுகிறாள். ஆழ்வார்க்கடியானையும் சொல்ல வேண்டும். ஜெயராம் வரும் நேரம் குறைவு, ஆனால் அவருக்கென்று ஒரு வைணவப் பிடிவாதமும் வம்பும் இருக்கிறது, யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் அவராக இருப்பார். ஆக, இந்தக் குழுவுக்கு எப்படிச் செய்வது என்று தெரியும். எல்லோருக்கும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

கூத்தில் கட்டியக்காரன் என்று ஒருவன் உண்டு. ராஜா வருகிறார் என்று அறிவிப்பதுதான் அவன் வேலை, அதாவது சேதி சொல்கிறவன்தான். ஆனால் அவன் சும்மா அறிவிக்க மாட்டான். நீ யாரப்பா, எந்த ஊர் ராஜா என்று ராஜாவையே மடக்குவான். இரணியன் கர்ஜித்தால் இவன் கொட்டாவி விடுவான். மிகச் சின்ன வேலை செய்கிறவனுக்கும் தன் நாக்கு தன்னுடையது என்பது நம் கலைக்குப் பழைய பாடம்.

வில்லன்கள் பக்கம் ஓர் உதாரணம் சொல்கிறேன். ரவிதாசன். நாவலில் ஆந்தை மாதிரி கத்துகிற மந்திரவாதி, பாண்டிய ஆபத்துதவி, அதாவது மன்னனுக்காக உயிரையும் கொடுக்கச் சபதம் செய்த மெய்க்காவலன். படத்தில் கிஷோர், காட்டில் மறைந்து திரிகிறார், பழிவாங்கத் துடிக்கிறார். காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரம் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சிலர் பெயரைச் சொல்லி, அவர்கள் உடைமைகளைக் கைப்பற்றுவது பற்றி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணை அது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் என்று பெயர்கள் வருகின்றன. பிரம்மாதிராஜன் என்பது அரசாங்கத்தில் உயர்ந்த இடத்தில் இருந்த பிராமணர்களுக்கு வழங்கிய பட்டம். அதாவது காட்டில் ஒளிந்திருந்த ஆளாகத் தெரியவில்லை, வீடு, நிலம், பட்டம், உறவு எல்லாம் உள்ள பெரிய மனிதர்கள். ஆணை அவர்களோடு நிற்கவில்லை. தம்பிமார், பிள்ளைகள், தாயோடு பிறந்த மாமன்மார், அந்த வீட்டுப் பெண்களைக் கட்டியவர்கள்வரை போகிறது. அக்காவைக் கட்டிய பாவத்துக்காக நிலத்தை இழந்த ஒரு மாப்பிள்ளை அந்த ஊரில் இருந்திருப்பார். இப்படி ஒரு ரவிதாசனை, பட்டம் கட்டிக்கொண்டு அரசாங்கத்திலேயே இருக்கும் ரவிதாசனைத் திரையில் பார்த்திருந்தால், அவர் வந்து நின்றாலே வயிறு கலங்கியிருக்கும்.

பெரியவர்களைப் பற்றிக் கல்வெட்டில் நிறைய, சின்னவர்களைப் பற்றிக் கொஞ்சம், அதனால் சின்னவர்களை வளர்க்க முடியாது என்று சொல்வாரும் உண்டு. வந்தியத்தேவன் யார்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவையை 'வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்' என்கிறது. மனைவி பெயருக்கு முன்னால் அடைமொழியாக வருகிற ஆள். அந்த ஒற்றைத் தொடரிலிருந்துதான் கல்கி, குதிரையில் வீராணம் ஏரிக்கரை வழியாக வரும் அந்த வாலிபனை எடுத்தார். கல்லில் துணைப்பாத்திரமாக இருந்தவன்தான் நாவலில் நாயகன்.

கடைசியாக வானவன் மாதேவி. சுந்தர சோழரின் பட்டத்தரசி, திருக்கோவலூர் மலையமான் மகள், கரிகாலனுக்கும் குந்தவைக்கும் ராஜராஜனுக்கும் தாய். படத்தில் பிரகாஷ்ராஜ் நோயாளியாகப் படுத்திருக்கும் அறையில் இவரும் இருக்கிறார். மூத்த மகனைக் கொன்றுவிட்டார்கள், இளைய மகன் கடலில் மூழ்கிவிட்டான் என்று சேதி வருகிறது, கணவர் எழுந்து நடக்க மாட்டார். இத்தனையும் ஒருத்தி தலையில் இறங்குகிறது. அவர் என்ன நினைத்தார் என்று படம் ஒருமுறைகூட அவர் பக்கம் திரும்பிக் கேட்கவில்லை. நாவலும் இவர் விஷயத்தில் சிக்கனம்தான்.

திருக்கோவலூர்க் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இவரைப் பாடுகிறது. சுந்தர சோழர் இறந்தபோது, பால் குடிக்கும் பிள்ளையை விட்டுவிட்டு இவர் தீயில் இறங்கினார் என்கிறது. 'முழங்கெரி நடுவணும் தலைமகன் பிரியாத் தையல்' என்பது அதில் வரும் வரி. அந்தப் பால்குடிப் பிள்ளை எது, அதைக் கையில் வாங்கிக்கொண்டவர் யார், அந்த நேரத்தில் குந்தவை எங்கே நின்றார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. வருடங்கள் கழித்துத் தம்பி தஞ்சையில் பெரிய கோயில் கட்டியபோது, குந்தவை அதில் தன் அப்பாவுக்கு ஒரு படிமம் செய்து வைத்தார். பக்கத்தில் அம்மாவுக்கும் ஒன்று செய்து வைத்தார். அவற்றுக்குத் தினப்படி பூசைக்குப் பணமும் எழுதி வைத்தார்.